சிசேரியன் ஆகிப் பத்து வாரம்: எப்போது ஓடலாம், எதிலிருந்து தொடங்கலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். வயது 29. முதல் குழந்தை, சிசேரியன், பத்து வாரம் ஆகிறது. கர்ப்பத்துக்கு முன்னால் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடும் பழக்கம் இருந்தது. இப்போது வயிறு முன்தள்ளியே நிற்கிறது, இடுப்பு வலிக்கிறது, தும்மினாலோ இருமினாலோ சொட்டுச் சிறுநீர் கசிகிறது. அம்மா ஆறு மாதத்துக்குக் குனியவே கூடாது என்கிறார். யூடியூபில் முப்பதே நாளில் தட்டை வயிறு என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது, எப்போது ஓடலாம்?

பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பிசியோதெரபி கொடுப்பதுதான் என் வேலை. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நடையை இன்றே தொடங்கலாம். மூச்சோடு சேர்ந்த அடிவயிற்றுப் பயிற்சியையும் இடுப்புத் தளப் பயிற்சியையும் இன்றே தொடங்கலாம். ஓட்டம் இப்போது வேண்டாம். எத்தனை வாரம் ஆயிற்று என்பதைவிட அந்தக் கசிவு நின்றதா என்பதுதான் ஓட்டத்துக்கு முக்கியமான கேள்வி. காலண்டர் குறைந்தபட்சக் காலத்தை மட்டும்தான் சொல்லும். அடுத்த படிக்குப் போகலாமா என்பதை உங்கள் உடம்பு காட்டும் அறிகுறிகள்தான் சொல்லும். அவற்றைப் படிக்கத் தெரிந்துவிட்டால் அம்மாவோடும் யூடியூபோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டர் தையலையும் பிரஷரையும் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன அலைச்சலில் உங்கள் பரிசோதனை விட்டுப்போயிருந்தால், முதலில் அதை முடித்துவிடுங்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் அவசரம் தானாகக் குறையும். பிரசவம் முடிந்த கையோடு கர்ப்பப்பை ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். ஆறு வாரத்தில் அது சுருங்கி நூறு கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது. ஊரில் எல்லோரும் சொல்லும் ஆறு வாரக் கணக்கு பெரும்பாலும் இதை ஒட்டியதுதான். ஆனால் கர்ப்பப்பை சுருங்குவது வேறு, வயிற்றுச் சுவர் தேறுவது வேறு. சிசேரியனில் தோல், கொழுப்பு, அதற்குக் கீழே வெள்ளையாகத் தடித்திருக்கும் நார்ப் படலம், அப்புறம் வயிற்றின் உள்ளுறை, கடைசியாகக் கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காகத் திறக்கிறார்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் நேர்த்தசைகளைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் விலக்கிவிடுவார்கள். பாரத்தைத் தாங்குவது அந்த நார்ப் படலம்தான். ஆறாவது வாரத்தில் அது பழைய பலத்தில் பாதியளவுதான் மீண்டிருக்கும். முக்கால் பங்கு வருவதற்கு ஆறு மாதம்கூட ஆகலாம். வெளியே தையல் ஒரு மெல்லிய கோடாக ஆறிவிட்டதைப் பார்த்து, உள்ளேயும் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று, "எனக்கு சிசேரியன்தானே, கீழே ஒன்றும் ஆகவில்லையே, அப்புறம் ஏன் கசிகிறது?" என்று பலரும் கேட்கிறார்கள். இடுப்பெலும்பின் அடியில், முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, ஒரு தூளி மாதிரி சில தசைகள் விரிந்திருக்கின்றன. இடுப்புத் தளம் என்பது இதைத்தான். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இதுதான். சுகப்பிரசவத்தில் குழந்தை வெளியே வரும்போது இந்தத் தசையின் ஒரு பகுதி தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது. சிசேரியனில் அந்த இழுப்பு இல்லை, உண்மைதான். ஆனால் ஒன்பது மாதம் குழந்தை, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி எல்லாவற்றின் பாரமும் இதன் மேல்தான் இருந்தது. அதனால் சிசேரியன் ஆனவர்களுக்குக் கசிவு சற்றுக் குறைவாக வருமே தவிர, வரவே வராது என்று சொல்ல முடியாது. பிள்ளை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று வாழ்நாள் முழுக்கச் சகித்துக்கொள்ளவும் தேவையில்லை, பெரும்பாலானவர்களுக்குச் சரியாகக்கூடியதுதான்.

இப்போது அம்மா சொல்வதைப் பார்ப்போம். பச்சை உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதில் அவர் சொல்வது முழுக்கச் சரி. முதல் சில வாரங்களில் ஓய்வும் உதவிக்கு ஆளும் கிடைப்பது பெரிய வரம். தாய்வீட்டு வழக்கம் அதற்காகத்தான் வந்தது. ஆனால் ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது என்று ஆகிவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் உறையும் தன்மை அதிகமாக இருக்கும். முதல் ஆறு வாரத்தில்தான் கால் ரத்தநாளங்களில் ரத்தம் கட்டும் ஆபத்து மிகுதி, சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். அதனால்தான் ஆபரேஷன் ஆன மறுநாளே நர்ஸ் வந்து எழுப்பி நடக்கவிடுகிறார். படுக்கையில் இருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்வது இதனால்தான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் வேறு. உடற்பயிற்சி வேண்டாம் என்று தடுக்கும் அதே வீட்டில், நாற்பதாம் நாள் முடிந்ததும் குடம் தூக்குவது, துணி அலசிப் பிழிவது, மாவு அரைத்து அள்ளுவது எல்லாம் சத்தமில்லாமல் அந்தப் பெண்ணின் கைக்கு வந்துவிடுகிறது. நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றில் பதினைந்து லிட்டர் தண்ணீர் இருந்தால் அது பதினைந்து கிலோ. கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பதை நெருங்கும். இதையெல்லாம் யாரும் பளு தூக்கும் பயிற்சி என்று கணக்கில் வைப்பதில்லை, ஆனால் வயிற்றுச் சுவருக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் ஆறு வாரத்துக்குக் குழந்தையின் எடையை மீறி எதையும் தூக்காமலிருப்பது நல்லது. உங்களுக்குப் பத்து வாரம் ஆகிவிட்டாலும் குடமும் சிலிண்டரும் இன்னும் சில மாதம் வேறொருவர் வேலையாக இருக்கட்டும். குனியவே கூடாது என்று அம்மா சொல்வதை, எப்படிக் குனிவது என்று மாற்றிக்கொள்ளுங்கள். பாயில் கிடக்கும் குழந்தையை நின்றபடியே குனிந்து, கையை நீட்டி எடுக்காதீர்கள். ஒரு முழங்காலை ஊன்றி உட்காருங்கள், குழந்தையை முதலில் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள். படுக்கையிலிருந்து எழும்போதும் நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்திருங்கள். ஒரு நாளில் இதை எத்தனை முறை செய்கிறீர்கள் என்று யோசித்தால், இதுவே ஒரு முழுப் பயிற்சி என்பது தெரியும்.

தமிழ்நாட்டில் சிசேரியன் ஒன்றும் அபூர்வமில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 45 பிரசவங்கள் ஆபரேஷன்தான், தனியார் மருத்துவமனைகளில் 64. இவ்வளவு பேருக்கு வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன் நடந்தும், வீட்டுக்கு அனுப்பும்போது பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை "வெயிட் தூக்காதீங்கம்மா" என்ற ஒரே வரி. முழங்காலில் ஆபரேஷன் செய்தவருக்குப் பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். பிள்ளை பெற்றவளுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

சரி, பயிற்சிக்கு வருவோம். முதல் பயிற்சி மூச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் ஏறும்.

தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்கால் மடங்கி, பாதம் தரையில் பதிந்திருக்கட்டும். ஒரு கை விலாவின் பக்கவாட்டில், இன்னொரு கை தொப்புளுக்குக் கீழே. மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா இருபுறமும் விரிய வேண்டும், வயிறு மெல்ல உயர வேண்டும், அடிப்பகுதி முழுக்கத் தளர வேண்டும். பிறகு வாயால் மெதுவாக மூச்சை விடுங்கள். விடத் தொடங்கும்போதே, நாலு பேர் இருக்கும் இடத்தில் காற்றுப் பிரியாமல் அடக்க எந்தத் தசையை இறுக்குவீர்களோ, அதை உள்ளே மேல்நோக்கி இழுங்கள். அந்த இழுப்பு பின்னாலிருந்து முன்னால் சிறுநீர்த் துவாரம் வரை வரட்டும். சரியாக வந்தால், அடிவயிறும் கூடவே லேசாக உள்வாங்குவது கீழே வைத்த கைக்குத் தெரியும். புட்டம் இறுகக் கூடாது, தொடை இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. முதன்முதலில் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைச் செய்துவிடுவார்கள். இன்னும் சிலர் மேலே இழுப்பதற்குப் பதிலாக, மலம் கழிக்க முக்குவது போலக் கீழே தள்ளுவார்கள். அது நேர் எதிர் வேலை, கசிவை அதிகமாக்கும். சந்தேகமாக இருந்தால் கால்களுக்கு நடுவே ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், இழுக்கும்போது அந்தப் பகுதி உள்ளே போக வேண்டும், வெளியே புடைக்கக் கூடாது.

இதைத்தான் கெகல் பயிற்சி என்கிறார்கள். அர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் எழுதியதால் அந்தப் பெயர். ஒரு தடவைக்கு எட்டு இழுப்பு, ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். ஆரம்பத்தில் மூன்று நான்கு நொடி பிடித்தால் போதும், போகப்போகப் பத்து நொடி வரை கொண்டுவாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். தளர்த்தத் தெரியாத தசை வேலையும் செய்யாது. மெதுவான இழுப்புகளோடு, சட்டென்று இழுத்துச் சட்டென்று விடும் இழுப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தும்மல் வரும் வேகத்துக்கு அவைதான் ஈடுகொடுக்கும். தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் இழுத்துக்கொண்டு அப்புறம் தும்முங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே பலருக்குச் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், பால் கொடுக்க உட்காரும்போது செய்துவிடலாம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள், பை சரியாகக் காலியாகாமல் தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சிறுநீர் போகச் சிரமம், தாம்பத்தியத்தில் கடுமையான வலி, அடியில் எப்போதும் ஒரு இறுக்கம் என்று இருந்தால் அந்தத் தசைகள் பலவீனத்தோடு இறுகியும் போயிருக்கலாம். அவர்களுக்கு இழுக்கும் பயிற்சி வலியைக் கூட்டும், முதலில் தளர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும். நேரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டாமல் தொடர வேண்டாம்.

அடுத்து உங்களை உறுத்தும் அந்த வயிறு. கர்ப்பத்தில் வயிறு பெருக்க, நடுக்கோட்டில் இருக்கும் நேர்த்தசைகள் இரண்டும் விலகி, இடையில் இருக்கும் நார் அகலமாகிறது. நார்வேயில் முதல் குழந்தை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் ஆறாவது வாரம் 60 சதவீதம் பேருக்கு இந்த விலகல் இருந்தது, ஒரு வருடம் கழித்தும் 33 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆகவே பத்தாவது வாரத்தில் வயிறு முன்தள்ளி இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புள் மேல் விரல்களைக் குறுக்காக வைத்துத் தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை விளிம்பு விரலைத் தொடும். இடையில் எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள். தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் போனால் விலகல் இருக்கிறது என்று பொருள். அகலத்தோடு, விரலுக்கு அடியில் தட்டுப்படும் நார் விறைப்பாக இருக்கிறதா, மாவு மாதிரி அமுங்குகிறதா என்பதும் முக்கியம். அகலம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் நார் விறைப்பாக இருந்தால் வேலை நடக்கும்.

பயிற்சியின்போது நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. தலையைத் தூக்கும்போதோ எழும்போதோ வயிற்றின் நடுவில் கூரை முகடு போல ஒரு மேடு கிளம்புகிறதா? கிளம்பினால், அந்த அசைவு இப்போதைக்கு உங்கள் வயிற்றின் சக்திக்கு மிஞ்சியது. யூடியூபின் முப்பது நாள் வீடியோக்களில் வரும் முழு சிட்-அப், இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் நீண்ட பிளாங்க் ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்த மேட்டைக் கிளப்பும். யோகாவில், காலையும் முதுகையும் தூக்கிப் படகு போல இருக்கும் நாவாசனமும், வயிற்றை வெட்டி இழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் இதே ரகம், சில மாதம் தள்ளிவையுங்கள். அதற்குப் பதில், மல்லாந்து மூச்சை விட்டபடி ஒரு குதிகாலைத் தரையோடு சறுக்கி நீட்டி மடக்குவது, ஒரு காலை மட்டும் மடங்கிய நிலையில் தூக்கி இறக்குவது, புட்டத்தைத் தரையிலிருந்து உயர்த்தும் சேதுபந்தம், கையும் முழங்காலும் ஊன்றி எதிரெதிர்க் கை காலை நீட்டுவது, இந்த வரிசையில் போங்கள். ஒன்று மேடு இல்லாமல், மூச்சு முட்டாமல் பத்துப் பன்னிரண்டு முறை வந்த பிறகு அடுத்தது.

வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவது பற்றிக் கேட்கவில்லை என்றாலும், உங்கள் வீட்டில் நிச்சயம் பேச்சு வந்திருக்கும். ஆபரேஷன் ஆன முதல் சில வாரம் பெல்ட்டோ பழைய பருத்திப் புடவையோ மிதமாகக் கட்டிக்கொண்டால் இருமும்போதும் நடக்கும்போதும் வலி குறையும், அந்த ஆறுதல் உண்மையானது. ஆனால் அது கொழுப்பைக் கரைக்காது, தசையை வளர்க்காது. மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத் தளத்தின் மேல் விழும். கசிவு இருக்கும் உங்களுக்கு இனி இறுக்கிக் கட்டத் தேவையில்லை.

இடுப்பு வலிக்கு முதுகில் போட்ட மயக்க ஊசிதான் காரணம் என்று அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. சுகப்பிரசவம் ஆகி ஊசியே போடாதவர்களுக்கும் இதே வலி வருகிறதே. முன்பக்கச் சுவர் தளர்ந்ததால் முதுகுத் தசைகள் இரட்டை வேலை பார்க்கின்றன, போதாததற்கு ஒரு நாளைக்குப் பல மணி நேரம் குழந்தையின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கிறோம். சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் தலையணை அடுக்கி, குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள். கட்டைவிரல் அடியில் மணிக்கட்டு வலி இருந்தால் அதுவும் தூக்கும் முறையால் வருவதுதான், அக்குளுக்குள் கட்டைவிரலை விரித்துத் தூக்குவதைவிட்டு, உள்ளங்கையைக் குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். தழும்பு நன்றாக ஆறியிருந்தால், தேங்காயெண்ணெய் தொட்டு அதன் மேலும் சுற்றியும் தினமும் சில நிமிடம் மெதுவாக நீவிவிடலாம், ஒட்டிப்போன அடுக்குகள் இளகும். தழும்புக்கு மேலே மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில் இருப்பது இயல்பு.

நடையைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். மொட்டை மாடியானாலும் சரி, தெருவானாலும் சரி. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும், அந்த வேகம் சரியான வேகம். நடந்த அன்றோ மறுநாளோ கசிவு கூடவில்லை, அடியில் பாரம் தெரியவில்லை, தையலில் இழுப்பு இல்லை என்றால் ஐந்து நிமிடம் கூட்டலாம். இதில் ஒன்று வந்தாலும் முந்தைய அளவுக்கே திரும்பி ஒரு வாரம் இருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பிரசவமானவர்களுக்கும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு என்று சொல்லியிருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் மாதமே எட்டாவிட்டால் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். நடையோடு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது ஆகியவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேர்த்தால் ஓட்டத்துக்கான அடித்தளம் தயாராகிவிடும்.

ஓட்டத்தில் ஒவ்வொரு முறை பாதம் தரையில் விழும்போதும் உடல் எடையைப் போல இரண்டு மடங்கு அளவிலான விசை மேலேறுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் அடிக்கு மேல் வைக்கிறீர்கள். தும்மலைத் தாங்காத தசை இதைத் தாங்காது, அதனால்தான் கசிவு முதலில் நிற்க வேண்டும் என்கிறேன். பிரிட்டனில் பிசியோதெரபிஸ்ட்டுகள் 2019-ல் வெளியிட்ட ஒரு வழிகாட்டுதல் பன்னிரண்டு வாரத்துக்கு முன் ஓட வேண்டாம் என்கிறது. அதற்குப் பிறகும் சில சோதனைகளைத் தாண்டச் சொல்கிறது. முப்பது நிமிடம் நடப்பது, ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பது, ஒற்றைக் காலில் பத்து முறை பாதி அளவு உட்கார்ந்து எழுவது, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் மெல்ல ஓடுவது, ஒற்றைக் காலில் பத்து முறை குதிப்பது. இவற்றை வலி, பாரம், கசிவு இல்லாமல் செய்ய முடிந்தால் ஓட்டத்தைத் தொடலாம். அப்போதும் ஐந்து கிலோமீட்டரில் தொடங்காதீர்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் தூரத்தைக் கூட்டுங்கள், வேகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் நிலையைப் பார்த்தால் ஐந்தாவது ஆறாவது மாதத்தில் இந்தக் கட்டம் வரலாம். தாமதமானாலும் பழுதில்லை. டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சா 2018 அக்டோபரில் குழந்தை பெற்று, பயிற்சியாளரும் எல்லா வசதியும் இருந்தும் 2020 ஜனவரியில்தான் களத்துக்குத் திரும்பினார், திரும்பிய முதல் போட்டியிலேயே ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இரட்டையர் பட்டம் வென்றார்.

பயிற்சி செய்தால் பால் வற்றிவிடும், பால் புளித்துவிடும் என்ற பயம் வேண்டாம். மிதமான பயிற்சி பாலின் அளவையோ குழந்தையின் எடை ஏறுவதையோ பாதிப்பதில்லை என்று 1990-களிலேயே ஆய்ந்து சொல்லிவிட்டார்கள். கிளம்பும் முன் பால் கொடுத்துவிட்டு, மார்பைத் தாங்கும் உள்ளாடை அணிந்து போங்கள், உங்களுக்குத்தான் சுகம். பாலைக் குறைப்பது பட்டினியும் தண்ணீர்க் குறைவும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவருக்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். எடையைக் குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தும் நேரம் இதுவல்ல. பத்தியச் சாப்பாட்டில் பூண்டும் பால்சுறாவும் கருவாடும் முருங்கைக்கீரையும் இருந்தால் மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள், ஆனால் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். இன்னொரு முக்கியமான விஷயம் ரத்தசோகை. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது, பிரசவத்தில் ரத்தம் போனவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். பத்துப் படி ஏறினாலே படபடப்பு வந்தால் உடற்பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். பலர் குழந்தை பிறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். சோர்வோடு முடி கொட்டுதல், படபடப்பு, எடையில் பெரிய மாற்றம் இருந்தால் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். நாள் முழுக்க மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நடை அதற்கு உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

சில அறிகுறிகளில் பயிற்சியை நிறுத்துவதோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, வலித்தால். திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தால். படுத்தால் மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார வேண்டியிருந்தால். கடுமையான தலைவலியோடு கண் மங்கினால். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் அளவுக்கு ரத்தம் போனால். தையல் சிவந்து, சீழ் வந்து, காய்ச்சல் அடித்தால். இவற்றில் எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. இதைப் படிக்கும் மற்றவர்களில் இன்னும் ஆறு வாரம் ஆகாதவர்கள் இருந்தால் ஒன்று: குறைந்துவந்த பிரசவத் தீட்டு, வேலை செய்த மறுநாள் மறுபடி சிவப்பாகக் கூடினால் உடம்பு ஓய்வு கேட்கிறது. சுகப்பிரசவத்தில் ஆசனவாய்த் தசை வரை கிழிந்து தையல் போட்டவர்கள் நான் சொன்ன அட்டவணையைப் பின்பற்றாமல், முதலிலிருந்தே பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் போக வேண்டும்.

அடுத்த இரண்டு வாரத்துக்கு உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மூச்சுப் பயிற்சி தினமும் மூன்று வேளை, நடை பதினைந்து நிமிடம், குதிகால் சறுக்கல் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அது மேடு இல்லாமல் வந்துவிட்டால் வரிசையில் அடுத்தது. இதற்காக ஒரு இருபது நிமிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவிடம் சொல்லுங்கள். டாக்டர் சொல்லித்தான் செய்கிறேன் என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். எப்போது, என்ன செய்யும்போது, எவ்வளவு கசிந்தது என்று போனில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அது குறையவில்லை என்றாலோ, அடியில் ஏதோ இறங்குவது போலவோ கட்டி தட்டுப்படுவது போலவோ இருந்தாலோ, அந்தக் குறிப்போடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. போனதும் இடுப்பு வலி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், சிறுநீர் கசிகிறது என்று வாய்விட்டுச் சொல்லி, இடுப்புத் தளத் தசையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.